கிணற்று மேடையின் பரப்பளவு

நான் கணிதத்தில் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த வருடம் அது. எங்கள் ஊர் திருப்பூர். மண்ணரைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், பத்தாம் வகுப்பைத் தாண்டாத பெண் தொழிலாளிகள் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதுவதற்காக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். கணக்குக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தெரிந்தவர் ஒருவர் மூலமாக என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லை என்று போனேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

கம்பெனி கேன்டீன்தான் வகுப்பறை. சாப்பாட்டு மேஜைகளைத் துடைத்துவிட்டு நோட்டை விரிப்பார்கள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை போர்டைச் சாய்த்து வைத்திருப்பார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். ஒருவர்கூட என்னைவிடச் சின்னவர் இல்லை. ஆனாலும் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். "உக்காருங்க" என்று நான் சொன்ன பிறகுதான் உட்காருவார்கள். வாழ்க்கையில் அதுவரை யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை. அது கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற ஓர் அக்கா இருந்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசமாட்டார், எப்போதும் ஜன்னலோர மேஜையில்தான் உட்காருவார். முதல் நாள் எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். சூப்பர்வைசர் ஆக வேண்டும், கம்ப்யூட்டரில் உட்கார வேண்டும், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இந்த அக்கா மட்டும், "சும்மா எழுதிப் பாக்கலாமுன்னுதானுங்க டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் கணக்கு அவருக்கு நன்றாக வந்தது. மற்றவர்கள் பின்னத்தைக் கண்டாலே பயப்படுவார்கள். இவர் பேசாமல் போட்டு முடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டிக் கொடுப்பார்.

இரண்டு மாதம் போயிருக்கும். உள்ளீடற்ற உருளைக்குப் போவதற்கு முன்னால் வளையத்தின் பரப்பளவைச் சொல்லித் தர வேண்டியிருந்தது. ஒரே மையத்தை வைத்து ஒரு பெரிய வட்டமும் அதற்குள் ஒரு சின்ன வட்டமும் போட்டேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வளையம் மட்டும் எவ்வளவு இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரிய வட்டத்தின் பரப்பிலிருந்து சின்ன வட்டத்தின் பரப்பைக் கழித்தால் போதும். வெளி ஆரம் இருபத்தொன்று, உள் ஆரம் பதினான்கு என்று வைத்து நான் போர்டில் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டிருந்தேன். பாதி கூட எழுதவில்லை. ஜன்னலோரத்திலிருந்து, "எழுநூத்தி எழுபதுங்களா டீச்சர்?" என்று குரல் வந்தது.

விடை சரி. எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். அக்கா எழுந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "நம்ம டீ சர்ட்டு கழுத்துல வெக்கற ரிப்புப் பட்டி மாதிரிதானுங்க இது. வெளி ஓரம் சுத்தி நூத்தி முப்பத்திரண்டு வருது. உள் ஓரம் எம்பத்தெட்டு. ரெண்டுக்கும் நடுவால எடுத்தா நூத்திப் பத்து. பட்டி அகலம் ஏழு. பட்டிய நீட்டி வெச்சாப்புல பெருக்கிட்டனுங்க."

வகுப்பே கை தட்டியது. நான் எழுதிக்கொண்டிருந்த வரிகளை விட்டுவிட்டு எல்லோரும் அவரிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். அது எந்த வளையத்துக்கும் பொருந்தும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், மூன்று வருடம் கணிதம் படித்த எனக்கு அது அதுவரை தோன்றியதில்லை. பாராட்டியிருக்க வேண்டும். நான், "பரீட்சையில இப்படி எழுதினா மார்க் வராதுங்கக்கா, பார்முலாப்படிதான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரிங்க டீச்சர்" என்று அவர் உட்கார்ந்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குள் ஏதோ ஒன்று லேசாக உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பெயர் பொறாமை என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெகு நாளானது.

அடுத்த ஞாயிறு, வீட்டில் போட்டு வரச் சொல்லி ஆறு கணக்குகள் கொடுத்திருந்தேன். எல்லாம் வளையக் கணக்குகள். பூங்காவைச் சுற்றி நடைபாதை, வட்ட மேஜையைச் சுற்றிப் பட்டை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. மேஜை மேஜையாகப் போய் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த அக்காவின் நோட்டில் ஐந்து கணக்குகள் அச்சடித்த மாதிரி இருந்தன, நான் சொன்ன பார்முலாப்படியே. நான்காவது மட்டும் இல்லை. '4' என்று எண் போட்டு, அதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்.

நான்காவது கணக்கு இதுதான். ஒரு வட்டக் கிணற்றின் விட்டம் இவ்வளவு. அதைச் சுற்றி இவ்வளவு அகலத்தில் மேடை கட்டப்படுகிறது. மேடையின் பரப்பளவு என்ன? ஆறிலும் சுலபமானது அதுதான்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. ஆக, இவருக்கும் தெரியாதது இருக்கிறது என்று நினைத்தேன்.

"ஏங்கக்கா, இதை மட்டும் விட்டுட்டீங்க?"

"இல்லீங்க டீச்சர், அது வேண்டாமுங்க."

"வேண்டாம்னா? பரீட்சையில இதுதான் வந்ததுன்னா என்ன பண்ணுவீங்க? வாங்க, போர்டுல வந்து போடுங்க."

"பரவாயில்லீங்க. வேற கணக்குப் போடறனுங்க."

நான் விடவில்லை. மார்க்கரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எழுந்து வந்தார். போர்டில் பெரிய வட்டத்தைப் போட்டார். வெறும் கையால் போட்டாலும் தட்டை வைத்து வரைந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் நின்றுவிட்டார். மார்க்கர் முனையைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார், எடுத்துவிடுவார்.

"உள்ளே கிணறு எங்கக்கா? கிணறே இல்லாம மேடை மட்டும் எதுக்கு?" என்றேன். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. போன வாரம் அவருக்குக் கிடைத்த கைதட்டல் இப்போது என் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் அதோடு நிறுத்தாமல் அடுத்ததையும் சொன்னேன்.

"சும்மா வரைங்க. நீங்க ஒண்ணும் உள்ளே விழுந்துட மாட்டீங்க."

இதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை அந்த முகத்தில். காது கேட்காத ஒருவர் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மார்க்கரின் மூடியைத் தேடிப் போட்டு மூடி மேஜை மேல் வைத்தார். தன் இடத்துக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். நோட்டைக்கூட எடுக்கவில்லை.

இவ்வளவு திமிர் ஆகாது என்று மனதில் நினைத்துக்கொண்டு நான் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த வெறும் வட்டத்துக்குள் நானே கிணற்றை வரைந்து, கணக்கைப் போட்டு முடித்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் நின்றிருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரில் வேலை செய்கிறவர். அக்காவுக்குப் பக்கத்து மெஷின். சிரித்தவர்களில் அவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"டீச்சர், ஒங்களுக்கு வெவரம் தெரியாதுல்லா. அதான் சொல்லிட்டுப் போவோம்னு நின்னேன்" என்றார். "அவ புள்ள கெணத்துல விழுந்துதான் செத்துச்சு. அஞ்சு வயசுப் பிள்ள."

அவர், "தெரிஞ்சா நீங்க அப்படிப் பேசியிருப்பீயளா? வருத்தப்படாதீய" என்று என் கையைத் தொட்டுவிட்டுப் போனார். போர்டில் நான் வரைந்த கிணறு அப்படியே இருந்தது. அதை அழித்தேன். மார்க்கர் மை சரியாகப் போகாமல் வட்டம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தொட்டு, துப்பட்டாவின் முனையால் தேய்த்தேன்.

உடனே போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அவரே வந்துவிடுவார், தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கம்பெனிக்கு ஒழுங்காக வருகிறார், வகுப்புக்குத்தான் வருவதில்லை என்று தென்காசிக்காரர் சொன்னார். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. என்னால் ஒருவர் பரீட்சையை விட்டுவிடப் போகிறார் என்பது உறைத்த பிறகுதான் முகவரி வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மண்ணரையில் ஒரு லைன் வீடு. ஒரே சுவரில் எட்டுக் கதவுகள். எல்லாக் கதவுக்கு முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் குடம். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் வாசலெல்லாம் துணி துவைக்கிற சத்தம். பக்கத்து அறையில் வடநாட்டுப் பையன்கள் ஹிந்திப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அக்கா துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. ஊட்டுக்குள்ள வாங்க. ஏனுங்க இவ்வளவு தூரம்?"

ஒரே அறைதான். அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை. ஒரே ஒரு நாற்காலியைத் துடைத்து என்னை உட்கார வைத்தார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட ஆரம்பிப்பதற்குள் அவர் சொன்னார்.

"நாந்தானுங்க டீச்சர் உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். கிளாஸு நடக்கையில பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். உங்களுக்கு மருவாதக் கொறச்சலாப் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறேன். அவர் தரையில் உட்கார்ந்து என்னைத் தேற்றுகிறார். "தெரியாமத்தான பேசுனீங்க. அழுவாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து டீ போட்டார். டீயைக் கொடுத்த பிறகு, நான் கேட்காமலே அவராகச் சொல்ல ஆரம்பித்தார்.

அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் பொங்கலூர்ப் பக்கம். இரண்டு ஏக்கர் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே வீடு, வீட்டிலிருந்து இருபதடி தள்ளிக் கிணறு. பழைய வட்டக் கிணறு. சுற்றிலும் சுவரும் கிடையாது, மேடையும் கிடையாது. மண் கரைதான். மழை பெய்தால் கரை கிணற்றுப் பக்கம் சரிந்து வழுக்கும். மகள் நடை பழகிய நாளிலிருந்து இவர் கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், கிணற்றைச் சுற்றி ஒரு மேடை போட்டுச் சுவர் வைத்துவிடலாம் என்று.

"அவரு கெட்டவரு இல்லீங்க டீச்சர். பாப்பான்னா உசுரு. வெங்காயம் புடுங்கிட்டுப் பண்ணலாமும்பாரு. அப்பறம் சோளம் அறுத்துட்டுப் பண்ணலாமும்பாரு. நாலு வருசம் இப்புடியே போச்சுங்க. நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன்."

மழை பெய்து விட்டிருந்த ஒரு காலை. கணவர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தார். இவர் அடுப்படியில் இருந்தார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளின் சத்தம் கேட்கவில்லையே என்று வெளியே வந்து பார்த்திருக்கிறார்.

"கரையில வழுக்குன தடம் மட்டும் இருந்துச்சுங்க. ஒரு சாண் அகலத்துக்கு" என்று சொல்லி, தரையில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

என் டீத் தம்ளரை வாங்கி வைத்துவிட்டு மீதியைச் சொன்னார். காரியம் முடிந்த மறுநாள் கணவர் மணலும் ஜல்லியும் கொண்டு வந்து இறக்கியிருக்கிறார். ஒரே ஒரு கொத்தனார், கூடமாட கணவர். இரண்டு பேருமாக மேடை போட்டுச் சுவரும் எழுப்பிவிட்டார்கள்.

"நான் உள்ளாரவே உக்காந்து கொத்தனாரு கரண்டி சத்தத்தக் கேட்டுட்டு இருந்தனுங்க. மூணா நாள் சாயங்காலம் அவரு வந்து வேல முடிஞ்சுதுன்னாரு. மூணு நாள் வேலைதானான்னு கேட்டேன். மூணே நாளுங்க டீச்சர். நாலு வருசமாச் சொன்னது, மூணு நாள் வேல. அந்த மேடையப் பாக்கப் பாக்க எனக்கு ஆவுலீங்க. அந்த மாசமே இங்க வந்துட்டேன். பத்து வருசமாச்சு. போகவே இல்ல."

கணக்கில் நான் கேட்டிருந்தது அந்த மேடையைத்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிணறு என்ற சொல்தான் அவரைத் தடுத்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிட மேடை என்ற சொல்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்திருக்கிறது.

அவர் விட்டுப்போன நோட்டை நான் எடுத்து வந்திருந்தேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டினார். அந்த '4' இருந்த பக்கத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு பேனா குடுங்க டீச்சர்" என்றார்.

வேண்டாம் என்று சொன்னேன். அந்தக் கணக்கே வேண்டாம், பரீட்சையில் அது வந்தால் விட்டுவிடுங்கள், மற்றதை எழுதினாலே பாஸாகிவிடலாம் என்று சொன்னேன். அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். பேனாவைக் கொடுத்தேன்.

"எங்க கெணறு இருவத்தெட்டு அடி. மேட மூணரை அடி அகலம் போட்டாரு. பார்முலாப்படி போடட்டுங்களா?"

"உங்க வழியிலேயே போடுங்கக்கா" என்றேன்.

தரையில் நோட்டை வைத்துக் குனிந்துகொண்டார். பெரிய வட்டத்தைப் போட்டார். அதற்குள் சின்ன வட்டத்தையும் போட்டார். இந்தத் தடவை நிற்கவில்லை. வெளி ஓரம் சுற்றி நூற்றிப் பத்து. உள் ஓரம் எண்பத்தெட்டு. நடுவில் எடுத்தால் தொண்ணூற்றொன்பது. அதை மூன்றரையால் பெருக்கினார். முந்நூற்று நாற்பத்தாறரை என்று வந்தது. பக்கத்தில் சதுர அடி என்று எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த ரூமு என்னங்க இருக்கும் டீச்சர்? பத்துக்குப் பன்னெண்டுன்னு சொல்லித்தான் வாடகைக்கு உட்டாங்க."

நூற்றிருபது சதுர அடி என்றேன்.

"அப்ப அந்த மேட, இந்த ரூமு மூணுகூட வராது" என்றார்.

பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல், ரொம்ப நேரம் அழுதார். பக்கத்து அறையில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அதைத் தவிர அன்று நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வகுப்புக்கு வந்தார். நான் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதாக இருந்தேன். ஆனால் முந்திய நாளே அக்கா தென்காசிக்காரரிடம் சொல்லிவிட்டிருக்கிறார், அதைப் பற்றி யாரும் எதுவும் பேசக் கூடாது, டீச்சர் சின்னப் பொண்ணு என்று. அதனால் எதுவும் நடக்காதது போல அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் பாடம் நடத்தினேன்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். கணக்குப் பரீட்சை அன்று காலை நானும் கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே, இரட்டைச் சடையும் யூனிபார்முமாக ஏகப்பட்ட பிள்ளைகள் கடைசி நிமிடப் படிப்பில் இருந்தார்கள். நடுவில் அக்கா ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சந்தேகம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா இருந்திருந்தா இந்த வருசந்தானுங்க டீச்சர் பத்தாவது" என்றார். முதல் நாள் நான் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னார். மணி அடித்தது. பிள்ளைகளோடு பிள்ளையாக உள்ளே போய்விட்டார்.

பாஸாகிவிட்டார். கணக்கில் எழுபதுக்கு மேல். எங்கள் பதினெட்டுப் பேரில் அதுதான் அதிகம். ரிசல்ட் வந்த மறு ஞாயிறு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பொங்கலூருக்குப் போயிருக்கிறார், பத்து வருடத்துக்குப் பிறகு. போய் வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"மேடையில வெங்காயங் காயப் போட்டுட்டு உக்காந்திருந்தாருங்க. ரொம்ப எளச்சுப் போயிட்டாரு. வந்துட்டியான்னாரு. இல்ல, சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தேன்னேன். பாஸாயிட்டேன்னு சொன்னேன். அவருக்கு வெளங்குச்சுங்க, எதுக்கு எழுதுனேன்னு. வெங்காயத்தத் தள்ளி வெச்சு எடம் பண்ணிக் குடுத்தாரு. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்பறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டனுங்க."

இனி அங்கேயே போய்விடுவீர்களா என்று கேட்டேன். "அது ஆவுறதில்லீங்க டீச்சர்" என்றார்.

இப்போது நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அக்கா இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது பார்த்துக்கொள்வோம். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று அவர்தான் முதலில் கேட்பார்.

இதை யாரிடமாவது சொன்னால், தெரியாமல்தானே பேசினாய் என்று ஆறுதல் சொல்கிறார்கள். அவரும் அதையேதான் சொன்னார். கிணறும் குழந்தையும் எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் என்னைவிட மூத்த ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கிறேன் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, அந்த ஒரு நிமிடம் அது எனக்கு இனிக்கவும் செய்தது. அவர் என்னை மன்னித்து எத்தனை வருடமானாலும், அதை மட்டும் என்னால் தெரியாமல் செய்ததில் சேர்த்துக்கொள்ள முடியவில்லை.